கண்ணு கடைசியில

போன இதழ்ல நானூறு வருசத்துக்கு முந்தின இத்தாலி ஓவியர் கரவாஜியோ வரைஞ்ச 'கிறிஸ்து கைது' படத்தை (யூதாஸ் காட்டிக் குடுக்க, இயேசுவை வீரர்கள் புடிக்கிற காட்சி) போட்டு நாலு வரி எழுதினதுதான் எழுதினேன், லெட்டரும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிருச்சு. அதுல பாதிப்பேர் "நானும் இதை வரையப் போறேன்"ங்கிறாங்க, ரெண்டு பேர் வரைஞ்சே முடிச்சு போட்டோ அனுப்பிட்டாங்க. இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுக்கே. வாட்டர் கலர் கேள்வி கேட்டவங்க கோவிச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: சார், நான் பேங்க்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவ. ஒரு வருசமா ஆயில் பெயின்டிங் பழகுறேன், பூ, பழம், ஒரு தடவை தெப்பக்குளம் மைய மண்டபம், அம்புட்டுதான். நீங்க போட்ட படத்தைப் பாத்ததும் ஆசை வந்து நாலடிக்கு மூணடி கேன்வாஸ் வாங்கி, கட்டம்கூட போடாம கண்ணளவுல வரைஞ்சேன். மொதல்ல பின்னாடி முழுக்க கருப்பு அடிச்சுட்டு ஒரு வாரம் கழிச்சு முகம் ஆரம்பிச்சேன். யூதாஸ் முகம் பருத்துப் போச்சு. இயேசு முகம் திருத்தத் திருத்த சாம்பல் பூசின மாதிரி ஆயிருச்சு. கருப்பு ஒரு எடத்துல பளபளன்னு இருக்கு, ஒரு எடத்துல மங்கலா இருக்கு, இப்ப லேசா வெடிப்பும் வருது. எங்க தப்பு பண்ணேன்?
— ஒரு வாசகி, திருநகர்

பதில்: ம்மா, அந்த கேன்வாஸைத் தூக்கி மட்டும் போட்றாதீங்க. நீங்க பண்ண தப்பு அத்தனையும் நான் பேனர் வரைஞ்ச காலத்துல ஒண்ணு விடாம பண்ணி வாத்தியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதுதான்.

யூதாஸ் பருத்ததுக்குக் காரணம் கணக்கு. ஒரிஜினல் 133.5 செ.மீ. உயரம், 169.5 செ.மீ. அகலம். நாலடி அகலம் எடுத்தா உயரம் கிட்டத்தட்ட மூணடி ரெண்டு அங்குலம் வந்திருக்கணும், உங்க கேன்வாஸ் மூணடிதான், ஆக அந்த ஏழு பேரையும் உச்சந்தலையில கைய வச்சு ஒரு அமுக்கு அமுக்கி உள்ள உக்கார வச்சிருக்கீங்க. கடையில இருக்குற ரெடிமேட் சைஸுக்கு படத்தை வளைக்கவே கூடாது, ஒண்ணு படத்தோட கணக்குக்கு பிரேம் அடிச்சு வாங்கணும், இல்லைன்னா ஓரத்துல மிச்சம் விட்டு கோடு போட்டுக்கிட்டு அதுக்குள்ள வரையணும்.

சாம்பல் வந்தது டியூப் கருப்பால. நிழல் வேணும்னா கருப்பைக் கலக்கணும்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு இருக்கு. எல்லோ ஓக்கர்ல, அதான் மஞ்சக் காவி நிறம், கருப்பு சேந்தா பச்சை அடிக்கும், வெள்ளையில சேந்தா நீலம் கலந்த சாம்பல் வரும், இது ரெண்டையும் முகத்துல தேய்ச்சா நோயாளி மாதிரிதான் இருக்கும். நிழலை பர்ன்ட் அம்பர்ங்கிற அடர் பழுப்புலயே முடிங்க, ரொம்ப இருட்டு வேணும்னா அம்பரோட கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம் சேத்துப் பாருங்க, கருப்பை விட ஆழமான கருப்பு கெடைக்கும், பாக்க உயிரோடயும் இருக்கும்.

வெடிப்புதான் பெரிய விஷயம். ஆயில் பெயின்ட் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயுறதில்லை, அதுல உள்ள லின்சீட் எண்ணெய், அதான் ஆளிவிதை எண்ணெய், காத்துல இருக்குற ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு மெதுவா கெட்டியாகுது. ஐவரி பிளாக் (நம்ம டியூப் கருப்புதான்) எண்ணெயை நெறைய குடிக்கும், காயுறதுக்கு ரொம்ப நாள் எடுக்கும். நீங்க அதை முழுக்க கெட்டியா அப்பிட்டு ஒரு வாரத்துல மேல டர்பன்டைன் (பெயின்ட்டை எளக்குற திரவம்) கலந்த மெலிசு பெயின்ட்ட போட்டிருக்கீங்க, மேல உள்ளது சட்டுனு காஞ்சிருச்சு, கீழ உள்ளது இன்னும் அசைஞ்சுக்கிட்டு இருக்கு, வெடிக்காம என்ன செய்யும்? கீழ எண்ணெய் கம்மி, மேல போகப் போக எண்ணெய் கூட, இது ஒண்ணை மட்டும் செவுத்துல எழுதி ஒட்டிருங்க. மங்கலான எடம் பத்திப் பயப்பட வேணாம், அங்க இருந்த எண்ணெயைக் கீழ் படலம் உறிஞ்சிருச்சு, அம்புட்டுதான். நல்லா காஞ்சப்புறம் துளி லின்சீட்ட துணியில தொட்டு லேசா தடவிட்டு மிச்சத்தைத் தொடைச்சுட்டா நிறம் மேல வந்துரும்.

சரி, இனிமே. ஏழு பேர், இரும்புக் கவசம், லாந்தர், ஆறு கை, இதை மொதல் காப்பியா எடுத்தது நீச்சல் பழக வைகையில வெள்ளம் வர்ற அன்னைக்கு எறங்குன மாதிரி. அதே ஆளோட 'தோமையாரின் சந்தேகம்' படத்தை எடுங்க. உயிர்த்தெழுந்த இயேசுவோட விலாக் காயத்துல தோமா விரலை விட்டுப் பாக்குறார், இயேசுவே அவர் கையப் புடிச்சு உள்ள விட வைக்கிறார், பின்னாடி ரெண்டு சீடர்கள் எட்டிப் பாக்குறாங்க. நம்ம சாந்தோம், பரங்கிமலை சொல்லுற அதே தோமையார்தான். நாலே தலை, பின்னாடி ஒண்ணுமே கெடையாது, வெறும் இருட்டு, யாரு தலையிலயும் ஒளிவட்டம்கூட இல்லை, தோமா தோள்ல சட்டைத் தையல் விட்டிருக்கு. 1601, 1602 வாக்குல வரைஞ்சது, இப்ப ஜெர்மனியில போட்ஸ்டாம்ல இருக்கு. 107-க்கு 146 செ.மீ.

நீங்க 22 அங்குல உயரம், 30 அங்குல அகலத்துல அடிச்சு வாங்குங்க, கணக்கு அச்சா பொருந்தும். ரெண்டு அங்குலக் கட்டம் போட்டா மேலருந்து கீழ 11, குறுக்க 15. படத்தை மேட் பேப்பர்ல ஏ3 பிரின்ட் எடுத்து அதுல 27.5-க்கு 37.5 செ.மீ.யில படம் வர்ற மாதிரி வச்சு ரெண்டரை செ.மீ. கட்டம் போடுங்க, அங்கயும் அதே 11, 15. கட்டம் போடுறது கேவலம்னு நெனைக்கிறவங்க இருக்காங்க, நாங்க நாப்பதடி கட்அவுட்டெல்லாம் கட்டம் போட்டுத்தான் ஏத்தினோம், மூக்கு ஒரு ஆள் உயரம் இருக்கும்போது கண்ணளவு கதைக்கு ஆகாது. ஆனா பிரின்ட்டை நிறத்துக்கு நம்பாதீங்க, ஒரே படம் ஒரு எடத்துல மஞ்சளா இருக்கும், இன்னொரு எடத்துல நீலமா இருக்கும். மியூசியம் வெளியிட்ட பெரிய படமா பாத்து எறக்கிக்கங்க, போன் வெளிச்சத்தைக் கூட்டி வச்சு இருட்டுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துக்கங்க.

வெள்ளை கேன்வாஸ்ல ஆரம்பிக்காதீங்க. பர்ன்ட் அம்பர்ல கொஞ்சம் செங்காவி நிறம் சேத்து டர்பன்டைன்ல நல்லா எளக்கி கேன்வாஸ் முழுக்க தடவி துணியால தொடைச்சு விடுங்க, ஓடு நிறம் வரும். கேன்வாஸ்ல மொதல்ல பூசுற இந்த அடி நிறத்தைத்தான் தரைங்கிறோம், கரவாஜியோவும் இந்த மாதிரி பழுப்புத் தரையிலதான் வரைஞ்சார், பல எடத்துல அந்தத் தரையை அப்படியே விட்டு அதையே நிழலா ஆக்கியிருக்கார். அவர் கையால போட்ட ட்ராயிங்னு உறுதியா சொல்ற மாதிரி ஒண்ணுகூட கெடைக்கலை. ஈரத் தரையில பிரஷ் கட்டையால கீறி, தலை இங்க தோள் அங்கன்னு அடையாளம் வச்சுக்கிட்டு நேரா பெயின்ட்டுக்குப் போயிருக்கார், அந்தக் கீறல் இப்பவும் சில படத்துல தெரியுது. நீங்களும் நானும் கரவாஜியோ இல்லை, சாக்பீஸ்ல கட்டம் போட்டுக்குவோம்.

அப்புறம் அம்பர் ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு நிழல் பூராவையும் ஒரே தட்டா போடுங்க. கழுத்து நிழல் தனி, துணி நிழல் தனி, பின்னாடி இருட்டு தனின்னு பிரிக்காதீங்க, எல்லாம் ஒரே குளம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கெடக்கணும். வெளிச்சம் வேணுங்கிற எடத்துல துணியால தொடைச்சு எடுங்க. இதுலயே படம் முக்காவாசி தெரிஞ்சிரும், தெரியலைன்னா அடுத்ததுக்குப் போகாதீங்க. ரெண்டு மூணு நாள் காய விட்டு, வெள்ளையில துளி ஓக்கர் கலந்து கெட்டியா எடுத்து நெத்தி, மூக்குத் தண்டு, இயேசுவோட நெஞ்சு, தோமா தோள், இதுல மட்டும் வைங்க. நிழல் மெலிசா இருக்கணும், வெளிச்சம் தடிச்சு இருக்கணும். இது திரும்ப ஒரு வாரம் காயட்டும், நிறம் அதுக்கப்புறம். அதுக்கும் ஆறேழு டியூப் போதும்: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், லைட் ரெட் (செங்காவிதான்), வெர்மிலியன் நிறத்துல ஒரு சிவப்பு, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன், கருப்பு இருந்தா துணிக்கு மட்டும். அந்தக் காலத்துல ஈய வெள்ளைதான், அது விஷம், அசலா செய்யுறேன்னு அதைத் தேடிப் போகாதீங்க.

வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரம் இருக்கே, அங்கதான் எல்லாரும் மாட்டிக்குவாங்க. சாம்பிராணிப் புகையைப் பாத்திருப்பீங்க, இருட்டு மூலையில போறப்ப நீலமா தெரியும், அதே புகை ஜன்னல் வெளிச்சத்துக்குக் குறுக்க போனா பழுப்பா தெரியும். பெயின்ட்டும் அப்படித்தான், காஞ்ச பழுப்பு மேல வெள்ளை கலந்த சதை நிறத்தை ரொம்ப மெலிசா, காஞ்ச பிரஷ்ல இழுத்துப் பாருங்க, நீலம் தொடாமலே ஒரு குளிர்ந்த நிறம் வரும், தாடை ஓரத்துக்கு அதுதான் வேணும். இதை நேர்ல பாக்கணும்னா ஒரு சாயங்காலம் நாயக்கர் மகாலுக்குப் போய் முத்தத்தைப் பாத்து நிக்கிற தூணுக்குப் பக்கத்துல உக்காருங்க. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு, நடுவுல எங்க திரும்புதுன்னு பாருங்க. முகமும் ஒரு தூண்தான், மூக்கு மொளைச்ச தூண். (மொபைலை பைக்குள்ள வச்சுட்டுப் பாக்கணும், அங்க பாதிப்பேர் செல்ஃபிதான் எடுக்குறாங்க.)

கடைசியா ஒண்ணு, இதுக்குத்தான் தலைப்பே. உங்க போட்டோவைப் பாத்தேன், எல்லா முகத்துலயும் கண்ணு மொதல்ல முடிச்சிருக்கு, இமை முடி வரைக்கும். எனக்கு 19 வயசு இருக்கும், காலண்டர் பாத்து ஒரு முருகன் வரைஞ்சு கண்ணை மட்டும் ரெண்டு நாள் செதுக்கி வாத்தியார்கிட்ட கொண்டுபோய் காட்டினேன், அந்த மனுசன் ஒண்ணும் பேசலை, மண்ணெண்ணெய் துணியை எடுத்து ரெண்டு கண்ணையும் தொடைச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அழுகையே வந்துருச்சு. திரும்பி வந்து "ஸ்தபதி செல செஞ்சு முடிச்சுத்தானடா கண்ணைத் தொறக்குறாரு, நீ என்ன மொதல்லயே தொறந்துட்ட"ன்னாரு. தோமையார் படத்துல பாருங்க, இயேசு குனிஞ்சு பாக்குறார், மத்தவங்க கண்ணெல்லாம் புருவ நிழலுக்குள்ள கெடக்கு, ஒருத்தர் கண்ணையும் நம்மளால முழுசா புடிக்க முடியாது. அத்தனையும் நெத்திச் சுருக்கத்துலயும் அந்த விரல்லயும் இருக்கு. நிழலைச் சரியா போட்டா கண்ணு தானா அங்க இருக்கும், ரெண்டு தொடுகைதான் மிச்சம்.

கேள்வி: அண்ணே, நாங்க முருக பக்தர் குடும்பம். நான் சிலுவையில இருந்து இயேசுவை எறக்குற படத்தைப் பாத்து வரைய ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுல மாமியார் மொகம் குடுத்துப் பேசலை. விட்டுறவா?
— வாசகி, வில்லாபுரம்

பதில்: தங்கச்சி, மாமியார் விஷயத்துல நான் தலையிட்டா எனக்கு அடி விழும், படத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

1606 மே மாசம் ரோம்ல ஒரு சண்டையில ஒருத்தரைக் கொன்னுட்டு கரவாஜியோ ஊரை விட்டு ஓடினார். அதே வருசம் நவம்பர்ல ராபர்ட் டி நொபிலிங்கிற இத்தாலிக்காரப் பாதிரியார் நம்ம மதுரைக்கு வந்து சேந்தார், காவி கட்டி, தமிழ் படிச்சு, தத்துவ போதகர்னு பேர் வாங்கினாரே, அவர்தான். கொஞ்ச வருசம் தள்ளி 1636-ல திருமலை நாயக்கர் மகாலைக் கட்டினார். நாம பேசுற கரவாஜியோ படங்களும் நம்ம மகாலும் ஒரே நூற்றாண்டுப் பிள்ளைக. அதனால அந்நியம்னு நெனைக்காம பாருங்க, அதுல நீங்க கத்துக்கப் போறது வெளிச்சம் எங்கருந்து வருதுங்கிறதைத்தான்.

அந்த வெளிச்சத்தை நீங்க சின்ன வயசுல இருந்தே பாத்திருக்கீங்க. சித்திரைத் திருவிழா எதிர்சேவை ராத்திரியில திரி எடுத்து ஆடுறவங்க பக்கத்துல நின்னுருக்கீங்கல்ல? தீ கீழருந்து அடிக்கும், தாடை, மூக்கு அடிப்பாகம், புருவ மேடு மட்டும் செவந்து தெரியும், மிச்ச உடம்பு பூரா இருட்டுல கரைஞ்சு போயிருக்கும், பின்னாடி கூட்டம் இருக்குன்னு சத்தத்துலதான் தெரியும். அதை ஒரு சின்ன கேன்வாஸ்ல வரைஞ்சு மாமியார் கையில குடுங்க. அதுக்குள்ள இயேசு படமும் அடுத்த படலத்துக்குக் காஞ்சிருக்கும்.

மாமியாரையே மாடலா உக்கார வைக்கலாம்னும் ஒரு யோசனை இருக்கு. மத்த லைட்டை அணைச்சுட்டு ஒரே ஒரு பல்பு, இடது பக்கம் தலைக்கு மேல, தோள்ல ஒரு துண்டு. பத்து நிமிசம் போதும். அவங்க சம்மதிச்சா எனக்கும் சொல்லுங்க.

கேள்வி: சார், ஜெய்ஹிந்துபுரத்துல ஒத்த ரூம் வீடு, ரெண்டு சின்னப் புள்ளைங்க. டர்பன்டைன் வாசம் தலைவலிக்குது. ஒரு நண்பர் நல்லெண்ணெய் ஊத்தி வரையலாம்னு சொல்றார். செய்யலாமா?
— வாசகர், மதுரை

பதில்: செய்யாதீங்க! நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் லின்சீட் மாதிரி காயாது, படம் வருசக்கணக்குல பிசுபிசுன்னு இருக்கும், எறும்பு வேற வரும். டர்பன்டைன் மொத தடவை தரை போடுறதுக்குத்தான் அவசியம், அதை மொட்டை மாடியில வச்சு முடிச்சிருங்க. அதுக்கு மேல உள்ள படலத்துக்கு டியூப்ல இருந்து வர்ற பெயின்ட்டே போதும், இறுக்கமா இருந்தா ரெண்டு சொட்டு லின்சீட்.

பிரஷ் கழுவ டர்பன்டைனே வேணாம். மொதல்ல பேப்பர்ல நல்லா தொடைச்சு எடுங்க, அப்புறம் தேங்காய் எண்ணெய்ல முக்கிப் பெசைஞ்சு திரும்பத் தொடைங்க, அப்புறம் சோப்பு போட்டு உள்ளங்கையில தேய்ச்சு நுரை வெள்ளையா வர்ற வரைக்கும் கழுவுங்க. எண்ணெய் பிரஷ்ல தங்கிட்டா அதுவே படத்துக்குப் போய் காய விடாது, அதனால சோப்பு விஷயத்துல சோம்பேறித்தனம் கூடாது.

இன்னொண்ணு, இதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. லின்சீட் தொடைச்ச துணியை உருட்டி மூலையில போட்டா அது காயும்போதே சூடாகி தானா தீப்புடிக்கும், நெசமாவே, யாரும் கொளுத்த வேணாம். நம்ம ஊரு சித்திரை வெயில்ல கேக்கவே வேணாம். துணியைக் கொடியில விரிச்சுக் காயப் போடுங்க, இல்லைன்னா தண்ணி வாளியில முக்கி வைங்க. புள்ளைங்க கைக்கு டியூப் எட்டாம இருக்கட்டும்.

கேள்வி: காப்பி அடிக்கிறது திருட்டு இல்லையா? வரைஞ்சு வித்தா கேஸ் வருமா?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, கேஸ் வராது. நம்ம நாட்டுச் சட்டப்படி ஓவியர் செத்து 60 வருசம் வரைக்கும்தான் காப்பிரைட், கரவாஜியோ செத்தது 1610. அவர் கையெழுத்தைப் போட்டு ஒரிஜினல்னு வித்தாத்தான் தப்பு. பின்பக்கம் "கரவாஜியோவைப் பார்த்து வரைந்தது"ன்னு எழுதி உங்க பேரையும் தேதியையும் போட்டுருங்க. பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல அனுமதி வாங்கி உள்ள உக்காந்தே காப்பி பண்ணலாம், ஆனா ஒரிஜினல் சைஸ்ல பண்ண விடமாட்டாங்க, அதே காரணம்தான்.

திருட்டான்னு கேட்டீங்க. கரவாஜியோ இயேசுவைக் கல்லறையில வைக்கிற மாதிரி ஒரு பெரிய படம் வரைஞ்சார், இப்ப வாடிகன்ல இருக்கு. அதை ரூபன்ஸ் காப்பி பண்ணினார், அப்பவே பேர் பெத்த ஓவியர் அவர், ஆளுங்களை அங்க இங்க மாத்தி, தனக்குப் புடிச்ச மாதிரி. அந்தக் காப்பி கனடாவுல ஒட்டாவா மியூசியத்துல மரியாதையா தொங்குது.

இன்னும் வேடிக்கை ஒண்ணு இருக்கு. திருநகர் அம்மா வரைஞ்ச 'கிறிஸ்து கைது' இருக்கே, அந்த ஒரிஜினல் எங்க போச்சுன்னு ரொம்ப காலம் யாருக்கும் தெரியாது, காப்பிகள்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. அது அயர்லாந்துல டப்ளின்ல ஒரு இயேசு சபைப் பாதிரியார்கள் வீட்டுச் சாப்பாட்டு ரூம்ல, வேற ஒரு டச்சு ஓவியர் பேர்ல பல வருசமா தொங்கிக்கிட்டு கெடந்திருக்கு, 1990-ல சுத்தம் பண்ணலாம்னு பாக்க வந்தவர்தான் கண்டுபுடிச்சார். வலது ஓரத்துல லாந்தரைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாக்குறவர் கரவாஜியோவேதான்னு சொல்றாங்க. தம்பி, அந்த மொகத்தைக் காப்பி பண்றப்ப மட்டும் கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க.

கேள்வி: மழை பேஞ்ச மறுநாள் ஈசல் ஸ்டாண்ட்ல வச்சிருந்த படத்துல ஈசல் பூச்சியா ஒட்டிக்கிச்சு. அதுவும் சரியா மாதா நெத்தியில. இடுக்கி வச்சு எடுக்கலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஈரமா இருக்கப்ப தொடாதீங்க, ரெக்கை பிஞ்சு இழுவிரும், நெத்தி பூரா கோடு விழும். பெயின்ட் காஞ்சப்புறம் விரலால லேசா தட்டுங்க, உடம்பு உதிர்ந்துரும். காலு ரெண்டு மட்டும் நிக்கும், அதுக்கு மேல அடிச்சு விட்டுருங்க.